சின்ன வேடம் கட்டுகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு நடிப்புக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது ஒன்றைத்தான்: "சென்னையில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டுங்க?" முதலில் சந்தையில் கீரைக்கட்டு விற்கிற அம்மாவைப் போய்ப் பாருங்கள் என்பேன். பாதிப் பேர் அடுத்த வாரம் வருவதில்லை. மீதிப் பேருக்கு நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதிவைக்கிறேன். கதாநாயகன், கதாநாயகி ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. நான்கு வரியோ பத்து வரியோ பேசிவிட்டுப் போகும் வேடங்களை வைத்துக்கொண்டே முப்பது ஆண்டு பிழைக்கவும், அந்த வேலையில் நிறைவு காணவும் விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிற்றூர்க்காரி. 1984இல், 17 வயதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவியாளாகச் சேர்ந்து, பிறகு செக்கிங் மேசைக்கு வந்தேன். 11 ஆண்டு அங்கே. 1989இல் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா) நாடகத்தில் முதல் வேடம். 1996 முதல் வானொலி நாடகம். 2003 முதல் 2018 வரை தொலைக்காட்சித் தொடர்கள். மருத்துவச்சி, பக்கத்து வீட்டு அக்கா, வட்டிக்குக் கொடுக்கிறவள், பெண் பார்க்க வந்த இடத்தில் குறை சொல்லும் அத்தை என்று எல்லாமே அடுத்தவர் கதைக்குள் வந்துபோகிற வேடங்கள். இதைத்தான் குணச்சித்திர நடிப்பு என்கிறோம்.

இதை ஒழுங்குபடுத்திச் சொல்லித்தரலாம் என்று எனக்குத் தோன்றியது ஒரு வேல்ஸ் நாட்டு நடிகரைப் பார்த்த பிறகுதான். 2019இல் மகளின் பிரசவத்துக்காகப் பிரிட்டனில், வேல்ஸின் தலைநகரான கார்டிஃபுக்குப் போயிருந்தேன். மகள் அங்கே செவிலியர். ஐந்து மாதத்தில் பெரும்பகுதி குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கழிந்தது. ஒரு சனிக்கிழமை பொழுது சாய்ந்த நேரம், பேரனை மடியில் போட்டுக்கொண்டு 'டாட்ஸ் ஆர்மி' என்ற பழைய நகைச்சுவைத் தொடரின் மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஊர்க்காவலுக்கு நின்ற வயதானவர்களின் கதை அது. 1973இல் வந்த அந்த அத்தியாயத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தலைவன் அவர்களிடம் கைதியாகச் சிக்குகிறான். சிக்கியவன் பயப்படவில்லை. தன்னை அவமதிப்பவர்களின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறான். போரில் ஜெயித்த பிறகு கணக்குத் தீர்க்க வேண்டுமாம். இரவு உணவுக்கு மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிவர ஏற்பாடு நடக்கும்போது, தன்னுடைய வறுவல் நமுத்துப் போயிருக்கக் கூடாது, மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்று கைதியே உத்தரவு போடுகிறான். சுற்றி நிற்பவர்கள் ஆளாளுக்குச் சிரிக்கவைக்கிறார்கள். அந்த மனிதர் முகத்தில் மட்டும் சிரிப்பின் சாயல்கூட இல்லை. வறுவலைப் பற்றிப் பேசும்போதும் மிரட்டும்போதும் அதே குரல், அதே பார்வை. அவர் அப்படி நிற்பதால்தான் மற்றவர்களின் நகைச்சுவை நிற்கிறது. எனக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும். ஆனாலும் பேரனைத் தட்டிக்கொண்டிருந்த கை தானாக நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, யாருங்க இந்த ஜெர்மன்காரர்?" என்று கேட்டேன். அவர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "ஜெர்மன்காரர் இல்லைங்க அத்தை, இந்த ஊர்க்காரர்தான். ரயிலில் ஒரு மணி நேரத்தில் அவர் பிறந்த ஊருக்குப் போய்விடலாம்" என்றார். பெயர் பிலிப் மேடக்.

மேடக் 1934இல் மெர்தர் டிட்ஃபில் என்ற ஊரில் பிறந்தவர். ஒரு காலத்தில் இரும்பு உருக்கிப் பெயர் பெற்ற ஊர் அது. கார்டிஃபிலும் வியன்னாவிலும் மொழிகள் படித்தார். மொழிபெயர்ப்பாளராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அரசியல்வாதிகளின் பேச்சை மொழிபெயர்க்கிற அந்த வேலை சலித்துப்போய், லண்டனில் ராயல் நாடகக் கல்விக் கழகத்தில் சேர்ந்தார். 1981இல் பிபிசி தொடரில் லாயிட் ஜார்ஜாக நடித்தார். வேல்ஸ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரே பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ். 1994 முதல் 2002 வரை நோயல் பெய்ன் என்ற துப்பறியும் அதிகாரியாக நடித்தார். அந்தத் தொடரை வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே படமாக்கினார்கள். ஒரே மனிதன், ஒரே வழக்கு, இரண்டு நாக்கு. 2012இல் காலமானார். அவர் நடித்ததில் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தேன். என் 30 ஆண்டு அனுபவத்தில் அங்கும் இங்குமாகத் தெரிந்துவைத்திருந்த ஒன்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. குணச்சித்திர நடிகருக்குக் காதுதான் முதல். முகம், உடம்பு, அதிர்ஷ்டம் எல்லாம் பிறகு.

ஆகவே காதிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். வாரத்துக்கு ஒரே ஒரு ஆள். பஸ் நிறுத்தத்தில், ரேஷன் கடை வரிசையில், கறிக்கடையில் என்று தினமும் பார்க்க வாய்க்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன பேசினார் என்று எழுத வேண்டாம். எப்படிப் பேசினார் என்று எழுதுங்கள். மூச்சை எங்கே வாங்குகிறார்? பொய் சொல்லும்போது குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா? பேசுகிற நேரத்தில் கை என்ன வேலை பார்க்கிறது? காசு பற்றிப் பேச்சு வந்தால் கண் எங்கே போகிறது? பெயரை மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் நம் பாடத்துக்காகப் பேசவில்லை, தங்கள் பாட்டுக்குப் பேசுகிறார்கள். அந்த மரியாதையைக் காக்க வேண்டியது நாம்.

செக்கிங் மேசையில்தான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. கண்ணும் கையும் துணியில் இருக்கும்; ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் தேடிக்கொண்டிருக்கும். காதுக்கு வேலை இருக்காது. இடப்பக்கம் உசிலம்பட்டிக்காரி, வலப்பக்கம் நாங்குநேரிக்காரி, எதிரில் தர்மபுரிக்காரி. நாம் 'வந்தாங்க' என்பதை ஒருத்தி 'வந்தாய்ங்க' என்பாள், இன்னொருத்தி 'வந்தாவ' என்பாள். பொழுதுக்கும் கேட்டுக் கேட்டு, மதிய உணவு நேரத்தில் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவேன். அவர்களும் என்னைத் திருத்துவார்கள். அந்த மேசைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். திருப்பூரிலும் சோமனூர், பள்ளிபாளையம் தறிக்குடோன்களிலும் வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தமிழ்நாட்டின் அத்தனை வட்டார வழக்கும் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. எந்த நடிப்புப் பள்ளியிலும் அது கிடைக்காது.

அடுத்தது நாக்கு. மூன்று தமிழ் உங்களுக்கு வேண்டும். ஒன்று, நம் கொங்குத் தமிழ். இரண்டு, அச்சில் வருகிற பொதுத் தமிழ். மூன்று, உங்களுக்குப் பிடித்த வேறொரு வட்டாரத்தின் தமிழ். தினமும் காலையில் நாளிதழ் தலையங்கத்தில் ஒரு பத்தியை உரக்க வாசியுங்கள். ழகரமும் றகரமும் ஒழுங்காக விழுகிறதா என்று கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். பிறகு அதே செய்தியை உங்கள் அப்பத்தாவிடம் சொல்வதுபோல் கொங்குப் பேச்சில் சொல்லுங்கள். பிறகு மூன்றாவது வழக்கில். ஒரே செய்தியை மூன்று முறை சொல்லும்போது சொற்கள் மட்டும் மாறுவதில்லை. உட்காருகிற விதம், தலையாட்டுகிற விதம், கோபத்தின் வேகம் எல்லாம் மாறும். மாறாவிட்டால் நீங்கள் வெறும் சொற்களை மாற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். திரும்பவும் சொல்லுங்கள்.

கொங்குத் தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு வரிக்கு வரி 'ஏனுங்க' போடுகிற நடிப்பு எனக்கு வருத்தம் தரும். நம் பேச்சின் உயிர் அந்த 'ங்க' எந்த அளவுக்கு நீள்கிறது என்பதில் இருக்கிறது. மரியாதைக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான், ஒருவரைத் தள்ளி வைக்கவும் அதேதான். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இது: 'சரிங்க' என்ற ஒரே சொல்லை ஏழு பேரிடம் சொல்லிக் காட்ட வேண்டும். கடன் கொடுத்தவரிடம், சம்பந்தியிடம், சம்பளத்தைப் பிடித்த முதலாளியிடம், அழுகிற தோழியிடம், வழி கேட்ட அந்நியரிடம், பொய் சொல்கிற மகனின் ஆசிரியரிடம், சாகக் கிடக்கிற மாமனாரிடம். ஒரு பெண் இதை மூன்று வாரம் செய்தாள். நான்காவது வாரம் அவள் ஏழாவது 'சரிங்க' சொன்னபோது திண்ணையில் யாரும் பேசவில்லை.

ஊர்ப்பேச்சை மறைத்தால்தான் வாய்ப்பு வரும் என்று உங்களிடம் சிலர் சொல்வார்கள். வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். 2021 கணக்கெடுப்பில் அங்கே வேல்ஸ் மொழி பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 5,38,000 பேர்தான். நம் கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை மட்டும் 2011இலேயே 34 லட்சத்துக்கு மேல். அத்தனை சிறிய மொழியில் 1974 முதல் 'பொபொல் அ கும்' என்ற தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது. 'பள்ளத்தாக்கு மக்கள்' என்று பொருள். தனித் தொலைக்காட்சி அலைவரிசை தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியபோது, க்வின்ஃபர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980இல் அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பரில் அந்த அலைவரிசை தொடங்கியது. மொழிக்காக நம் ஊர்கள் பட்டதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த அலைவரிசை இருந்ததால்தான் மேடக் போன்றவர்களுக்கு இரண்டு நாக்கிலும் வேலை இருந்தது. மகளோடு நடந்துபோகும்போது சாலையில் 'அரவ்' என்று வேல்ஸ் மொழியிலும், அதோடு 'ஸ்லோ' என்று ஆங்கிலத்திலும் பெயின்டால் எழுதியிருந்ததைப் பார்த்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

மேடைக்கு வருகிறேன். வேல்ஸ் பிள்ளைகளுக்கு எய்ஸ்டெத்வட் என்று ஒரு விழா உண்டு. கவிதை, இசை, ஒப்பித்தல் எல்லாவற்றுக்கும் போட்டி நடக்கும். ஆண்டுதோறும் ஆகஸ்டில் பெரிய விழா. அது போக ஊர் அளவிலும் நடக்கும். அதன் வேர் 1176 வரை போகிறது. நமக்கு நோம்பி இருக்கிறது. கம்பம் நட்டு, பூவோடு (தீச்சட்டி) எடுத்து, மாவிளக்கு முடிந்த இரவில் நாடகம். இன்று பல ஊர்களில் அந்த இடத்தை ஆர்கெஸ்ட்ரா பிடித்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் நாடகம் போடுகிற ஊர்கள் இருக்கின்றன. தேடிப் போங்கள். வேடம் தராவிட்டால் திரை இழுங்கள். எங்கள் ஊரில் அப்போதெல்லாம் ஆண்களே நடிப்பார்கள். பெண் வேடத்துக்கு வெளியூரிலிருந்து நடிகையை அழைத்துவருவார்கள். நான் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர்மேல் உட்கார்ந்து முப்பது இரவு ஒத்திகை பார்த்தேன். நாடகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வரவேண்டிய நடிகைக்குக் காய்ச்சல். நாடக வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பி, "கண்ணு, மருத்துவச்சி வேடத்தை நீ கட்டுகிறாயா?" என்றார். அண்ணன் வேண்டாம் என்றார். அப்பத்தாதான், "பிள்ளை போகட்டும், நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்" என்று முடித்துவைத்தார்.

நான்கே வரி. அன்று மாலையே எங்கள் ஊர் மருத்துவச்சி வீட்டுக்குப் போய், "பிரசவ வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். நுழைவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும் என்றார் அந்த அம்மா. வாசலில் நின்று வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். பிறகு வெந்நீர் கேட்பார். கைகழுவிய பிறகுதான் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார். மேடையில் நான் அதைச் செய்தேன். வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது கூட்டத்தில் பேச்சு அடங்கியது. பெண்கள் பக்கத்தில் யாரோ "ஆத்தா" என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. நான்கு வரியையும் பிறகுதான் பேசினேன்.

சின்ன வேடத்துக்கு இப்படித்தான் தயாராக வேண்டும். வசனத்தை மனப்பாடம் செய்வது அரை மணி நேர வேலை. அந்த ஆள் மேடைக்குள் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்க்க வந்தவளின் ஒரு கால் வெளியே போகத் துடிக்கும். கடன் கேட்க வந்தவர் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். இதை எழுத்தாளர் எழுதியிருக்க மாட்டார், இயக்குநரும் சொல்ல மாட்டார். ஆனால் ஓர் எச்சரிக்கை. நீங்கள் கண்டுபிடித்ததையெல்லாம் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். கதாநாயகி அழும்போது பின்னால் நின்று பால் பொங்குவதை நினைத்துத் தவித்தால், பார்வையாளர் உங்களைப் பார்ப்பார், காட்சி கெட்டுவிடும். அந்த ஜெர்மன் தலைவன் வேடத்தில் மேடக் செய்ததை இதற்காகவே பலமுறை போட்டுப் பார்த்தேன். மற்றவர்கள் பேசும்போது அவர் எதையும் செய்வதில்லை. கேட்கிறார். அவ்வளவுதான்.

தொண்டையைக் காப்பாற்றுங்கள். கத்திப் பேசி முடித்த இரவுக்குப் பிறகு கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். கிசுகிசுப்பு தொண்டையை இன்னும் வருத்தும். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. மேடையில் மேலே தொங்கும் மைக்குகளுக்கு நடுவில் நிற்கும்போது தலையைத் திருப்பினால் குரல் அறுந்துபோகும். ஆகவே உடம்போடு திரும்பப் பழகுங்கள். கால் பழக, பக்கத்தில் வள்ளி கும்மி சொல்லித்தரும் இடம் இருந்தால் சேருங்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துக் கலைஞர் பத்ரப்பன் ஐயாவுக்கு இந்தக் கலைக்காக 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெண்களையும் இதற்குள் அழைத்துவந்தவர் அவர். ஆறு மாதம் கும்மி ஆடியவர்கள் மேடையில் நிற்கும்போதே தெரியும், எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கும்.

பிரிட்டனில் ஒரு காலத்தில் ஊர் ஊராக ரெபர்ட்டரி நாடகக் குழுக்கள் இருந்தன. இரவில் இந்த வார நாடகம் நடக்கும். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை. நம்மிடம் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. எம். என். நம்பியார் சிறுவனாக நவாப் ராஜமாணிக்கம் குழுவில் சேர்ந்துதான் தொழில் கற்றார். இன்று இரண்டும் ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஆகவே அந்த நெருக்கடியை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு புதிய சின்ன வேடம். மனப்பாடம் செய்து, உடை தேடி, யாராவது மூன்று பேருக்கு முன்னால் நடித்துக் காட்டுங்கள். ஒரு வருடத்தில் 24 ஆட்கள் உங்களுக்குள் குடியிருப்பார்கள்.

வானொலிக்குக் குரல் தேர்வு உண்டு. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருங்கள், தேறினால் தரம் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த அறைக்குப் போகும்போது கண்ணாடி வளையலும் கொலுசும் வேண்டாம், கஞ்சி போட்ட புடவையும் வேண்டாம். மைக் எல்லாவற்றையும் கேட்கும். தாள்களைப் பின் அடித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தாளாகப் பேசி முடித்து, சத்தமில்லாமல் பக்கவாட்டில் இறக்குங்கள். திரும்பிப் போகிற ஆள் பேசுகிறார் என்றால் மைக்கிலிருந்து ஓர் அடி நகர்ந்து, முகத்தைச் சற்றுத் திருப்பிச் சொல்லுங்கள். என் வானொலி ஆண்டுகளை நான் மிக உயர்வாக நினைக்கிறேன். முகம் இல்லாமல் ஒரு கிழவியை உண்டாக்கக் கற்றவளுக்குக் கேமரா முன்னால் முகத்தை அதிகம் ஆட்ட வேண்டிய தேவை வரவில்லை.

தொலைக்காட்சித் தொடரில் வசனம் முதல் நாளே கைக்கு வரும் என்று நம்பிப் போகாதீர்கள். உதவி இயக்குநர் அருகில் நின்று வசனத்தைச் சொல்லச் சொல்ல, நாம் வாங்கிப் பேச வேண்டும். புதியவர்களின் கண் சொல்கிறவர் பக்கம் ஓடும், கேமராவில் அது பளிச்சென்று தெரியும். வீட்டில் ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, நீங்கள் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி அதே வரியைச் சொல்லிப் பழகுங்கள். வரியைக் கேட்டதும் உடனே திருப்பிச் சொல்லாமல் ஒரு மூச்சு விட்டுச் சொன்னால், அந்த மூச்சு யோசனை போலத் தெரியும். எந்தக் கையில் டம்ளர் இருந்தது, எந்த வரியில் கீழே வைத்தீர்கள் என்பதை நீங்களே நினைவில் வையுங்கள். அகலமான காட்சியில் செய்ததை க்ளோஸ் அப்பிலும் அதே இடத்தில் செய்ய வேண்டும். நம் போன்ற வேடங்களுக்குப் பெரும்பாலும் புடவை நம்முடையதுதான். காட்சி எண், புடவை, வளையல் எத்தனை, தலையில் பூ உண்டா என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து அதே காட்சியின் தொடர்ச்சி எடுப்பார்கள். அப்போது அந்தப் புடவை வீட்டில் இருந்தால் நடிப்பால் ஈடுகட்ட முடியாது.

குரலை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு தொடரில் என் வேடத்துக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். நன்றாகவே பேசியிருந்தார். ஆனால் நான் கட்டிய பெண் காங்கயத்துக்காரி. திரையில் கேட்டது எந்த ஊருமில்லாத ஒருத்தியின் குரல். அதற்குப் பிறகு ஒப்புக்கொள்ளும்போதே என் குரல்தான் வரும் என்று பேசிவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

காசு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தினச் சம்பளம் என்பார்கள், அன்றே கைக்கு வராது. ஒரு கம்பெனியிடமிருந்து எனக்கு வரவேண்டிய காசோலை எட்டு மாதம் கழித்து வந்தது. அந்த எட்டு மாதமும் எங்களைக் காப்பாற்றியது வீட்டில் வைத்திருந்த இரண்டு எருமையும், ஓவர்லாக் மிஷின் வைத்து நான் எடுத்த பீஸ் வேலையும். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனால்தான் முழு ஈடுபாடு என்ற பேச்சை நம்பாதீர்கள். வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் பிறந்த ஹியூ கிரிஃபித் வங்கியில் எழுத்தராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் ராணுவச் சேவை செய்துவிட்டுப் போய், பிறகு குணச்சித்திர வேடத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். 1959இல் வந்த 'பென்ஹர்' படத்தில் குதிரைகள் வைத்திருக்கும் அரபு ஷேக்காக வருபவர் அவர்தான். விண்ட்ஸர் டேவிஸ் வேல்ஸ் சுரங்கப் பகுதியில் வளர்ந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார், ஆசிரியராகவும் இருந்தார். முழுநேர நடிகரானபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. நாடறிந்த சார்ஜென்ட் மேஜர் வேடம் கிடைத்தது 1974இல், நாற்பதைத் தாண்டிய பிறகு. அதுவரை பார்த்த ஒவ்வொரு வேலையும் வேடத்துக்குத் தேவையான சரக்கைச் சேர்த்துத் தந்தது. ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் சென்னை. படப்பிடிப்பு முடிந்து திரும்பிவிடலாம். நான் 15 ஆண்டு அப்படித்தான் போய்வந்தேன்.

பெயர் பற்றி ஒன்று. மேடக்கின் பிறந்த குடும்பப் பெயர் ஜோன்ஸ். வேல்ஸில் தடுக்கி விழுந்தால் ஒரு ஜோன்ஸ்மேல்தான் விழ வேண்டும். ஆகவே மாற்றிக்கொண்டார். உங்கள் பெயரில் ஏற்கெனவே பத்துப் பேர் இருந்தால் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கும் மகிழ்ச்சி.

ஒரே மாதிரி வேடமாக வருகிறது என்று பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். வரத்தான் செய்யும். மேடக்குக்கும் ஜெர்மன் அதிகாரிகளும் வில்லன்களும் திரும்பத் திரும்ப வந்தார்கள். நம்பியாருக்குப் பெரும்பாலும் வில்லன் வேடம். வேண்டாம் என்று சொல்வதைவிட, வந்த வில்லனை முந்தைய வில்லனிலிருந்து ஓர் இடத்தில் பிரித்துக் காட்டுங்கள். எனக்குக் குறை சொல்லும் அத்தை வேடம் பதினான்கு முறை வந்தது. ஒருத்தி குறை சொல்லும்போது பலகாரத்தை விடாமல் சாப்பிடுவாள். ஒருத்திக்குக் காது மந்தம், அதனால் சத்தமாகப் பேசுகிறவள். ஒருத்தி தன் கல்யாணத்தில் பட்ட அவமானத்தைச் சொல்லாமலே சுமக்கிறவள். இயக்குநரிடம் இதையெல்லாம் நான் சொன்னதில்லை. தட்டையோ பார்வையையோ கொஞ்சம் மாற்றுவேன். பார்த்தவர்கள் "அந்த அத்தை எங்கள் பெரியம்மா மாதிரியே இருக்கிறாள்" என்று பஸ்ஸில் வந்து சொல்வார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

கடைசியாக, பதிவு. கதாநாயகர்களின் கணக்கைப் பத்திரிகைகள் வைத்துக்கொள்ளும். நம் கணக்கை நாம்தான் வைக்க வேண்டும். எங்கள் வாத்தியார் 40 ஆண்டு நாடகம் போட்டவர். அவர் இறந்தபோது வீட்டில் மிஞ்சியது இரண்டு நோட்டீஸும் நனைந்துபோன ஒரு புகைப்படமும்தான். அவர் என்னென்ன வேடம் கட்டினார் என்று இன்று யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. மேடக் எந்த ஆண்டில் எதில் நடித்தார் என்பதை மாப்பிள்ளை கைப்பேசியில் அரை நிமிடத்தில் எடுத்தபோது எனக்கு வாத்தியார் ஞாபகம்தான் வந்தது. ஆகவே ஒரு நீள நோட்டுப் போடுங்கள். தேதி, ஊர், நாடகமோ தொடரோ அதன் பெயர், வேடம், எத்தனை வரி, கூட நடித்தவர்கள், சம்பளம் எவ்வளவு, எப்போது கைக்கு வந்தது. நோட்டீஸை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். புகைப்படத்தின் பின்னால் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். என்னுடையதைக் காட்டுகிறேன். முதல் வரி 1989 வைகாசி, மருத்துவச்சி, நான்கு வரி, சம்பளம் ஒரு தேங்காய்ப் பழத்தட்டும் 11 ரூபாயும்.